கடல் கடந்து கார் ஓட்டுவதாயின்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே நாற்பது ஆண்டுகள் கார் ஓட்டியவன் நான். ஆதலால், லண்டனில் வாழும் என் பெறாமகன், "பெரியப்பா, நீங்கள் வந்ததும் பாரிசிலே ஒரு கலியாணம் இருக்கிறது, காரிலேயே போய் வருவோம்" என்று தொலைபேசியிற் சொன்னபோது, பாதி வழி நானே ஓட்டுவது என்று மனத்துள் தீர்மானித்துவிட்டேன். கொழும்புக்குச் சென்று ஆட்டோமொபைல் சங்கத்திலே சர்வதேச சாரதி அனுமதிப் பத்திரமும் பெற்றுக்கொண்டேன்.

இப்பத்திரத்தைப் புதியதோர் உரிமம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நம்மிடம் உள்ள அனுமதிப் பத்திரத்தைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் சிறு புத்தகமே அது. மூலப் பத்திரம் கூட இல்லையாயின் அதனாற் பயனில்லை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது ஓராண்டுக்கே செல்லும். சொந்த நாட்டிலே பெற வேண்டியது அது. விமானம் ஏறிய பின்னர் நினைத்துப் பயனில்லை.

லண்டன் சேர்ந்த பின்னரே காப்புறுதி பற்றிய பேச்சு எழுந்தது. "நான் முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். ஒரு பயமும் இல்லை" என்றான் பெறாமகன். அவன் மனைவி அப்படி எளிதில் நம்புகிறவள் அல்லள். காப்புறுதிப் பத்திரத்தை மேசையிலே விரித்து, எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிறிய எழுத்துகளை எல்லாம் ஒரு மாலை முழுவதும் வாசித்தாள். வாசித்தது நல்லதாயிற்று. பிரித்தானியாவில் எடுத்த காப்புறுதி ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் செல்லுமாயினும், ஆங்கே சட்டப்படி அதற்கு உள்ள கடமை பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்வது மட்டுமே. நம் வண்டி களவு போனாலும், நெளிந்தாலும், பத்திரத்திலே அதற்கென எழுதியிருந்தாலன்றி நட்டம் நம்முடையதே. வீட்டிலே முழுமையாக இருந்தது ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதும் மெலிந்துவிடுகிறது! மேலதிகப் பணம் செலுத்தி, அந்த நாலு நாட்களுக்கும் முழுப் பாதுகாப்பை நீட்டிக்கொண்டோம்.

1953இல் நடைமுறைக்கு வந்த பச்சை அட்டையைப் பற்றிப் பழைய பிரயாணிகள் அறிவார்கள். பிரித்தானிய வண்டிகள் ஒன்றிய நாடுகளுட் செல்ல 2021 ஆகஸ்ட் முதல் அது வேண்டியதில்லை. துருக்கி வரை போகிறவர்களுக்கு இன்றும் வேண்டும்.

அதே மாலை மருமகள் இன்னொன்றையும் கண்டாள். "பெரியப்பா, இதிலே இவருடைய பெயர் மட்டும்தான் இருக்கிறது" என்றாள் மெல்ல. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் பெயரைச் சேர்க்கும்படி கேட்டோம். என் வயதையும் அயல்நாட்டு அனுமதிப் பத்திரத்தையும் விசாரித்த கம்பெனி மறுத்துவிட்டது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு சாமான்கள் சேர்த்தோம். பழுதாகி நின்றால் வீதியில் வைக்கும் சிவப்பு முக்கோணம், ஒளி வீசும் மேலங்கிகள், வண்டியின் பின்புறம் ஒட்ட 'யூ.கே.' என்ற எழுத்துகள். (நம் நாட்டு வண்டிக்குரிய எழுத்துகள் இன்றும் 'சி.எல்.' தான்; சிலோன் என்ற பெயர் அங்கே மட்டும் விடாது ஒட்டிக்கொண்டிருக்கிறது.) பிரித்தானிய வண்டியின் முன்விளக்கு இடப்புறம் சாய்ந்து ஒளி வீசுவது, வலப்புறம் ஓட்டும் நாட்டிலே அது எதிரே வருபவனின் கண்ணைக் கூசச் செய்யும். அதைத் தடுக்கவும் ஓர் ஒட்டுத்தாள் உண்டு. விபத்து நேர்ந்தால் இரு சாரதிகளும் சேர்ந்து நிரப்பும் படிவத்தையும் மருமகள் எடுத்து வைத்தாள். எம்மொழியில் அச்சிட்டாலும் அதிலே கேள்விகளின் வரிசை ஒன்றே. ஆயினும் விளங்காததிலே கையொப்பம் இடலாகாது.

கடலடிச் சுரங்கத்திலே ரயில் எங்கள் காரைச் சுமந்து 35 நிமிடத்திற் கலேக்குக் கொண்டுபோய்விட்டது. வெளியே வந்ததும் எல்லாம் தலைகீழ். முதல் சுற்றுவட்டத்திலே இல்லாத பிரேக்கை நான் காலால் மிதித்தேன். ஒரு வேடிக்கை: வலப்புறம் இருந்து ஓட்டுபவனுக்கு முன்னே செல்லும் லொறியை முந்துவதற்கு எதிர்வழி தெரியாது, இடப்புறம் இருந்த எனக்கே தெரியும். "இப்போது போகலாம்", "பொறு" என்று சொல்லிச் சொல்லி நானும் அரைச் சாரதி ஆனேன்.

கலியாணம் சிறப்பாக முடிந்தது. திரும்பும்போது இரவு, பெருமழை. நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீற்றர் என்பது மழையில் 110 ஆகக் குறைந்துவிடும். பெறாமகனின் கண்கள் சொருகின. "பெரியப்பா, ஒரு மணித்தியாலம் நீங்கள் பிடிக்கிறீங்களோ?" என்றான்.

என் கைகள் துடித்தன. பின்னே இரு குழந்தைகளும் நித்திரை. எவனோ ஒருவனின் வண்டியில் நான் மோதினால், செலுத்திய காப்புறுதிப் பணமெல்லாம் கைகொடாது. அவனுக்குரிய நட்டம் இந்த இளங்குடும்பத்தின் தலையிலே விழும்.

"வேண்டாம் தம்பி. அடுத்த தரிப்பிடத்தில் நிற்பாட்டு" என்றேன்.

மழை கூரையிலே கொட்ட, கலியாண உடுப்புகளோடே எல்லோரும் இரண்டு மணித்தியாலம் தூங்கினார்கள். நான் மட்டும் விழித்திருந்து நேரம் பார்த்தேன். நாங்கள் குறித்திருந்த ரயில் போய்விட்டது, அடுத்ததிலே ஏறினோம்.