கடித்துத் துப்பத்தானே செய்தது!

கோவை சிங்காநல்லூரில் ஒரு சின்ன சந்து. அதன் கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நாற்பது வருஷமாக அங்கே இழைப்புளிச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. அந்தப் பெரியவர் செய்து கொடுத்த கதவோ, கட்டிலோ, தொட்டிலோ இல்லாத வீடு அந்தத் தெருவில் குறைவு. ‘அவர் பெயின்ட் அடிச்சா இருபது வருஷம் உரியாது’ என்பது ஊரார் கொடுத்த சர்டிஃபிகேட்.

அந்தக் கைவேலைதான் போன வருஷம் ஒரு சின்ன உயிரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய்விட்டது.

மகள் வயிற்றுப் பேத்திக்குப் பதினோரு வயது. அவளுடைய செல்லம், ‘சன் கன்யூர்’ என்கிற தென் அமெரிக்கக் கிளி. உடம்பெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருப்பதால் ‘ஜிலேபி’ என்று பெயர். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கன்யூர் போன்ற வெளிநாட்டுப் பறவைகளை வளர்க்கலாம். ஆனால், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதையெல்லாம் மாப்பிள்ளை முறையாகச் செய்திருந்தார்.

ஜிலேபியின் எடை நூற்றுச் சொச்சம் கிராம்தான். ஆனால், வாய் சும்மா இருக்காது. கிளி இனத்துக்கு அலகு வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்த்தால்தான் அளவாக நிற்கும். கடிக்க எதுவும் கிடைக்காவிட்டால் தன் இறகையே பிடுங்கிக்கொள்ளும் கிளிகளும் உண்டு. ஜிலேபி காலண்டர் அட்டை, செருப்பு வார், டிவி ரிமோட் என்று ஆரம்பித்து ஜன்னல் சட்டத்துக்கு வந்தபோது பேத்தி கேட்டாள்.

“அப்புச்சி, நீங்கதான் மர வேலை செய்வீங்கல்ல... ஜிலேபிக்குப் பெருசா ஒரு பொம்மை செஞ்சு குடுங்க. கலர் கலரா!”

பேத்தி கேட்டு அப்புச்சி மறுப்பாரா? அன்றைக்கே முக்கால் அடி நீளக் கட்டை ஒன்றை அறுத்து, துளை போட்டு, வளையம் மாட்டினார். பரண் மேல் பழைய எனாமல் டப்பாக்கள் இருந்தன. சிவப்பும் மஞ்சளும் இன்னும் காயாமல் இருந்தன. இரண்டு கோட் அடித்தார். பளபளவென்று திருவிழாக் குடைராட்டினம் மாதிரி இருந்தது. ஜிலேபிக்கும் பிடித்துவிட்டது. நாள் முழுக்க அதில் தொங்கிக்கொண்டு பெயின்ட்டைச் செதில் செதிலாக உரித்தது.

பத்து நாள் இருக்கும். ஒரு காலையில் பேத்தி கத்தினாள். “அப்புச்சி, ஜிலேபி வாந்தி எடுக்குது!” கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு கிடந்தது அது. கம்பியைப் பிடிக்கக் காலில் பலமில்லை.

பறவை பார்க்கும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எதையாவது கடிச்சுதா?” என்பதுதான். பெரியவர் பையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்துக் காட்டினார். டாக்டர் பெயின்ட்டின் வயதைக் கேட்டார். டப்பா பதினைந்து வருஷத்துக்கும் மேல் பழசு.

பழைய எனாமல் பெயின்ட்டில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், காரீயம் கலப்பது வழக்கமாக இருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது 2016-ல்தான். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் வாங்கிய டப்பா பரணில் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல் டாக்டர் ஊசியைத் தொடங்கினார். ரத்தத்தில் உள்ள காரீயத்தைப் பிடித்து சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து அது. முடிவு வந்தபோது அவர் சந்தேகப்பட்டதே சரியாக இருந்தது.

ஜிலேபி பிழைத்துக்கொண்டது. ஆனால், பேத்தி அப்புச்சியிடம் சரியாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். “சாப்பிட்டீங்களா அப்புச்சி?” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதுதான் அவரை வாட்டியது.

இன்னொன்றும் உறுத்தியது. அதே டப்பாப் பெயின்ட்டைத்தான் பேத்தி பிறந்தபோது அவளுடைய தொட்டிலுக்கும் அடித்திருந்தார். பல் முளைக்கும் வயதில் அவள் அந்தச் சட்டத்தைக் கவ்விக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தத் தொட்டிலைக் கேட்டு வந்தார்கள். “அதைத் தர மாட்டேனுங்க. புதுசா, பெயின்ட் இல்லாமச் செஞ்சு தர்றேன்” என்றார். உப்புத்தாள் போட்டுப் பெயின்ட்டை எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கும் தலையாட்டி மறுத்தார். தேய்த்தால் கிளம்பும் தூசு அதைவிட ஆபத்து.

அதன்பிறகு கொட்டகையில் புதுப் பாடம் ஆரம்பித்தது. ஆசிரியை, அவர் மனைவி. ஏனென்றால் பாடம் முழுக்கச் சமையலறையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

முதலில் மரம். பிளைவுட், எம்டிஎஃப் பலகை இரண்டும் பசையால் ஒட்டியவை, வேண்டவே வேண்டாம். இயந்திரம் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால், அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘ஹெச்.டி.’ என்றிருந்தால் சூட்டில் பூச்சி நீக்கியது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடக் கூடாது. முத்திரை சரியாக இருந்தாலும் எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது, வீட்டுக் கொல்லையில் மருந்து அடிக்காமல் வளர்ந்த கொய்யாவின் தடித்த கிளை. ஒன்றரை அடி நீளம். கழுவிக் காயவைத்து, உப்புத்தாள் போட்டு, ஈரத் துணியால் தூசு துடைத்தார்.

அடுத்து நிறம். “கேசரிப் பவுடர் போதுமில்லீங்க?” என்றார் மனைவி. போதும். ஆனால், எந்தப் பவுடர் என்பதுதான் கேள்வி. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது நினைவிருக்கும். பொட்டலத்தில் கட்டி விற்கும் ரோஸ் பவுடரில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் 14 இலக்க உணவு உரிம எண்ணும், உள்ளே இருக்கும் நிறத்தின் பெயரும் அச்சிட்ட டப்பாவை மட்டுமே வாங்கினார்கள். கோலப்பொடி, துணிச் சாயம், பென்சில் சீவல் எதற்கும் இடமில்லை.

மஞ்சள்தூள், பீட்ரூட், சங்குப்பூ மூன்றும் வீட்டிலேயே இருந்தன. சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டால் நீலம். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்திச் சிவப்பு எடுக்கலாம் என்று மனைவி யோசனை சொன்னார். டாக்டரிடம் போனில் கேட்டபோது, சுண்ணாம்பு வாயையும் குடலையும் அரிக்கும், வேண்டாம் என்றார். சாயம் பிடிக்கத் துணிக்குப் போடும் படிகாரமும் வேண்டாம் என்று இவர்களே விட்டுவிட்டார்கள்.

சின்னக் கட்டை என்றால் டம்ளரில் முக்கி எடுத்துவிடலாம். ஒன்றரை அடிக் கட்டை எந்தப் பாத்திரத்திலும் அடங்கவில்லை. அண்டாவில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்ததுதான் முதல் தப்பு. மேலே காய்ந்துவிட்டது, உள்ளே ஈரம். ஐந்தாம் நாள் துளைக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. பூஞ்சைத் தூள் உள்ளே போனால் மூச்சுக்கே ஆபத்து. கட்டை அடுப்புக்குப் போனது.

இரண்டாவது முறை நிதானமாகச் செய்தார். கட்டை நனைய வேண்டியதில்லை, மேல் தோலில் நிறம் ஏறினால் போதும் என்று புரிந்திருந்தது. ஒரு கப் வெந்நீரில் அரை டீஸ்பூன் நிறப்பொடி. கட்டையை முதலில் வெயிலில் சுடவைத்தார். சூடான மரம் சட்டென்று உறிஞ்சும். பெயின்ட்டே படாத புதுப் பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு கோட். காய்ந்ததும் இன்னொரு கோட். உருண்டைப் பகுதிக்கு வேறு வழி: நிறத்தில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் கோடு விழாமல் சீராகப் பிடிக்கிறது. பிறகு, நான்கு நாள் நல்ல வெயில். பளபளப்புக்கு வார்னிஷ் அடிக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

பீட்ரூட் பூசிய பக்கத்துக்கு எறும்பு வந்தது. அதில் இனிப்பு இருக்கிறதே! அந்தச் சாற்றை மட்டும் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, ஒரே கோட்டோடு நிறுத்தினார். மஞ்சள் வெயிலில் வெளுத்தது. அதை நிழலில் காயவைத்தார். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தபோது லேசாக நிறம் ஒட்டியது. உணவு நிறம் மரத்தில் அப்படித்தான் இருக்கும். மாட்டுவதற்குத் துத்தநாகம் பூசிய கம்பி கூடாது என்று எவர்சில்வர் கொக்கி.

கட்டையைக் கூண்டில் மாட்டாமல் இரண்டு நாள் தூரத்தில் வைத்தார்கள். புதுசைக் கண்டால் ஜிலேபிக்குப் பயம். மூன்றாம் நாள் மெதுவாக வந்து ஒரு கடி. பிறகு, சரசரவென்று சத்தம்.

மறுநாள் காலை கூண்டுத் தாளில் சிவப்புக் கறை. பெரியவருக்குக் கை நடுங்கிவிட்டது. கட்டையைக் கழற்றிவிட்டு, பேத்தியை எழுப்பாமல், ஜிலேபியை டப்பாவில் வைத்து டாக்டர் வீட்டுக்கே போய்விட்டார். டாக்டர் பரிசோதித்தார். கிளி தெம்பாக இருந்தது. அவர் விரலையே கடித்தது. “பீட்ரூட் கலருங்க. ரத்தமில்லை. ஆனா, நீங்க வந்தது சரி. சந்தேகம்னா இப்படித்தான் வரணும். இனி பீட்ரூட்டை மட்டும் விட்டுடுங்க. நிஜமாவே ரத்தம் வந்தா தெரியாமப் போயிடும்” என்றார்.

அவர் திரும்பி வந்தபோது பேத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலியாக இருந்த கூண்டைப் பார்த்து அழுதிருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் டப்பாவை வாங்கிக்கொண்டு, “என்னை ஏன் அப்புச்சி எழுப்பல? நானும் வந்திருப்பேன்ல” என்றாள். பல நாளுக்குப் பிறகு அவ்வளவு நீளமாகப் பேசினாள்.

பரணில் இருந்த பழைய டப்பாக்களை அவர் சாக்கடையில் கொட்டவில்லை. இறுக மூடி, ‘தொடாதே’ என்று எழுதித் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். தொட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

புதுக் கட்டை மூன்று வாரம் தாங்கியது. பிறகு துளை போட்ட இடத்தில் பிளந்து விழுந்தது. இருபது வருஷம் உரியாத பெயின்ட் அடித்தவர், மஞ்சளும் நீலமுமாகக் கூண்டடியில் கிடந்த சிராய்களைக் கூட்டி அள்ளினார்.

“இதுவும் போச்சா?” என்றார் மனைவி.

“கடிச்சுத் துப்பத்தானே செஞ்சது” என்றார்.

பேத்தி அதற்குள் சங்குப்பூ பறிக்கக் கிளம்பியிருந்தாள்.