பின் நம்பரும் நம் நாக்கும்

யூபிஐ வந்தது 2016ல். இன்றைக்கு எங்கள் தெரு கீரைக்கார அக்காகூட கூடைப் பக்கத்தில் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். அதே வேகத்தில் அப்பா அம்மாக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்க அப்பாவுக்கு நான் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் காசு நம்மிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். இரண்டு, வீடியோ காலில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமில்லை; காக்கிச்சட்டை தெரிந்தாலும் கட் பண்ணிடுங்க.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், ஃபோனில் இருக்கிற ஓட்டையைவிட நம் நாக்கு ஆபத்தானது. "உங்களுக்கு எத்தனை தடவைதான் சொல்றது?" என்று எரிந்து விழுகிற பிள்ளையிடம், பணம் போன அன்று எந்த அப்பா வாய் திறப்பார்? உடனே 1930க்கு அழைத்தால், பணம் கை மாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. திட்டுக்குப் பயந்து அவர் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

அதனால் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: "காசு போனா முதல்ல எனக்கு ஃபோன் பண்ணுங்கப்பா. ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.