ஒற்றை விரல்

திண்டுக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கதிர்,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் பிறகு. முதலில் உன்னைத் திட்ட வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது பரண்மேல் இருந்த வெண்கலப் பானையை எடுக்கச் சொன்னாள் அம்மா. நீ இடது காலில் எக்கி, பின்னால் சாய்ந்தாய். பானை கைக்கு வருவதற்குள் உன் முகம் சுருங்கிப்போனது. எங்கேடா வலிக்கிறது என்றேன். பெல்ட்டுக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு இடப்பக்கம், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினாய். தசைப்பிடிப்பு என்றால் பெரும்பாலும் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக் காட்டுவார்கள். பத்து வருடமாக இந்த ஊரில் முதுகுவலிக்காரர்களுக்கு பிசியோதெரபி கொடுக்கிறவள் நான். அந்த ஒற்றை விரலைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

நீ வலக்கையால் வேகமாகப் பந்து போடுகிறவன், பெரும்பாலும் இடப்பக்கம்தான் வலிக்கும். பந்தை விடும்போது ஊன்றுகிற இடது கால் வழியாக உன் எடையைப்போல் பல மடங்கு அடி மேலே ஏறுகிறது. அதே கணத்தில் இடுப்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. அத்தனையையும் வாங்கிக்கொள்வது கடைசி இடுப்பு முள்ளெலும்பின் பின்னால் இருக்கும் ஒல்லியான துண்டு. ஒரே அடியில் அது முறியாது. நுண்ணிய கீறல் விழும், ஓய்வு கொடுத்தால் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். அடைவதற்குள் மறுநாளும் பத்து ஓவர் போட்டால் கீறல் வளரும். பத்தொன்பது வயதில் அந்த எலும்பு இன்னும் முழுசாக இறுகியிருக்காதுடா.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று போனில் சொன்னாய். ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடு. பணம் போட்டிருக்கிறேன், அதில் ஷூ வாங்கிவிடாதே. சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதுகை மிதிக்கவும் கொடுக்காதே.

போன வருடம் வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஏழு மாதம் வலி மாத்திரை போட்டுக்கொண்டே பந்து வீசியவன். இரண்டு பக்கமும் விரிசல், முள்ளெலும்பு முன்னால் நழுவத் தொடங்கியிருந்தது. அவன் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கிட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேத்துப்பட்டு எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் பற்றி ஓயாமல் பேசுவாயே, 1987இலிருந்து கால் நூற்றாண்டு அங்கே சொல்லிக்கொடுத்த டென்னிஸ் லில்லிக்கு 1973இல் இதே கீழ்முதுகில்தான் முறிவு. ஆறு வாரம் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு. 1974 கடைசியில் திரும்பி வந்தார், 355 டெஸ்ட் விக்கெட் எடுத்துவிட்டுத்தான் நிறுத்தினார். பும்ரா இதே முதுகுக் காயத்தால் 2022இல் டி20 உலகக் கோப்பையையே விட்டார். அடுத்த மார்ச்சில் நியூசிலாந்தில் ஆபரேஷன், ஆகஸ்டில் மறுபடி பந்து. 2024 உலகக் கோப்பையில் தொடர் நாயகன். அவரே உலகக் கோப்பையை விட்டிருக்கிறார், நீ ஒரு லீக் சீசனை விட மாட்டாயா?

கீறல் என்று வந்தால் குறைந்தது மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது. படுத்தே கிடக்க வேண்டாம், நட. வலி அடங்கியதும் வயிற்றுக்கும் இடுப்புக்கும் பயிற்சி நான் சொல்லித்தருகிறேன். அப்புறம் ஓட்டம், அதற்கும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் கூடிவிடுகிற எலும்புதான்.

அம்மாவிடம் நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நத்தம் மைதானத்துக்கு டி.என்.பி.எல். பார்க்கப் போனோமே, பக்கத்தில் இருந்தவரிடம் அம்மா, "எம் பையனும் ஒருநாள் இங்க போடுவான்" என்றாள். நீ என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாய். அவளிடம் நானும் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்க்கும்போது அது என்னை உறுத்துகிறது.

வியாழக்கிழமைக்குள் ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பு. வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறு. சனிக்கிழமை காலையில் இரண்டு பேருமாக அம்மாவிடம் சொல்லிவிடலாம். சிறுமலைப் பழம் ஒரு தார் வந்திருக்கிறது, உனக்கு இரண்டு சீப்பு எடுத்துவைத்திருக்கிறேன். பையை மட்டும் நீ தூக்காதே, ஸ்டாண்டுக்கு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா