கூத்துக் களரியில் உட்கார்ந்திருப்பவர்கள்

மாசி, பங்குனி பிறந்துவிட்டால் மேச்சேரி, ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஊர்களில் மாரியம்மன் பண்டிகைகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். ஆர்க்கெஸ்ட்ராவும் பட்டிமன்றமும் வந்து சேர்ந்த பிறகும் ஒரு ராத்திரியைக் கூத்துக்கென்று ஒதுக்கும் ஊர்கள் இந்தச் சமவெளியில் இன்னும் இருக்கின்றன. கூத்தாடுகிறவர்களின் தொழிலைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் இந்தக் களரிகளுக்குப் போகிறேன். ஆனால் அந்தத் தொழிலின் பாதி, எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது என்பதைக் களரிதான் எனக்குக் காட்டியது. புதிய தொடரை ஒளிபரப்பும் முன் சிலருக்குப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்பது தொலைக்காட்சி உலகில் பழகிப்போன ஒன்று. அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று சேனல்காரர்கள் கற்றுக்கொள்ள விரும்பினால், சேலம் நாமக்கல் கூத்துக் களரியைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது என்பதே என் கட்சி.

வேஷம் கட்டும் இடத்திலிருந்தே பார்க்கலாம். பள்ளிக்கூடத் திண்ணையிலோ கோயில் பின்புறத்திலோ ஒற்றை பல்பு எரியும். உள்ளங்கை அகலக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்துக்கொண்டு அரிதாரத்தைக் குழைத்துப் பூசுகிறார் ஒருவர். கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடமும் புஜக்கட்டையும் இன்னொருவர் உடம்பில் ஏறுகின்றன. கட்டு தளர்ந்தால் விடியும்வரை ஆட முடியாது. இறுகினால் பாட மூச்சு வராது. அந்த இறுக்கத்தைக் கயிறு பிடிப்பவரின் கைதான் அறியும். இவர்களில் பலர் பகலில் தறி ஓட்டுகிறார்கள், காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். பத்து மணிக்குமேல் திரை பிடித்து முதல் வேஷம் வந்ததும் இவர்களுடைய இரண்டாவது வேலை தொடங்குகிறது. அது சபையைப் படிக்கும் வேலை. இரண்டு மணி வாக்கில் தலைகள் சாயும்போது, ஜமாவை (கூத்துக் குழுவை) நடத்தும் வாத்தியாரின் கண் மிருதங்கக்காரரிடம் போகிறது. நீண்ட விருத்தம் ஓரடியோடு நிற்கிறது, தாளம் ஏறுகிறது, கோமாளி உள்ளே வருகிறார். பாஞ்சாலி அழும் இடத்தில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டால் அதே பாட்டு இன்னொரு முறை சுற்றி வருகிறது. நேற்று பக்கத்து ஊரில் ஆடிய அதே கதை இன்று வேறு அளவில் வெட்டப்படுகிறது, வேறு இடத்தில் நீட்டப்படுகிறது. ஒவ்வொரு ராத்திரியும் ஒரு சோதனைக் காட்சிதான். அதன் முடிவு மறுநாள் ஆட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது.

எல்லோருக்கும் தெரிந்த பழைய கதையில் சோதிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கதை தெரிந்திருப்பதால்தான் சோதனை கடுமையாகிறது என்பேன். அடுத்து என்ன என்ற ஆவலை வைத்து இங்கே யாரையும் கட்டிப்போட முடியாது. துகில் உரிவார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும்; இன்றைக்கு வேஷம் கட்டியவர் எப்படிக் கதறினார் என்பது மட்டுமே கேள்வி. ஒரு சந்தம் தவறினால், முப்பது வருஷமாகக் கேட்டு வரும் பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொடுப்பார். மறுநாள் மர்மம் என்ன என்ற கொக்கியில் தொங்கும் தொடர்களுக்கு இப்படி ஒரு பார்வையாளர் வாய்த்ததே இல்லை.

கூட்டத்துக்குப் பிடித்ததைக் கொடுக்கப் போய்த்தான் கோமாளியின் பேச்சு இரட்டை அர்த்தத்தில் விழுகிறது என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. விசிலுக்கு ஆடிக் கெட்ட ராத்திரிகள் உண்டு. ஆனால் சபை என்பது விசிலடிப்பவர்கள் மட்டுமல்ல. அதே நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போகும் பெண்களும், அடுத்த வருஷம் இந்த ஜமாவைத் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டாம் என்று சொல்லும் ஊர்ப் பெரியவர்களும் அதில்தான் இருக்கிறார்கள். விசிலை மட்டும் கேட்கும் வாத்தியார் கெடுகிறார். எழுந்து போனவர்களையும் கணக்கில் எடுப்பவர் நிலைக்கிறார். தொலைக்காட்சியின் அளவுகோலில் இந்த நுட்பம் இல்லை. 2015 முதல் பார்க் (BARC) அமைப்பு வெளியிடும் பார்வையாளர் மதிப்பீட்டுக்காக, மீட்டர் பொருத்திய வீடுகளில் அவரவர் தமக்குரிய பொத்தானை அழுத்துகிறார்கள். பெட்டி ஓடியது, இன்னார் இருந்தார் என்பது பதிவாகும். அவர் முகம் சுளித்தாரா, வெங்காயம் உரித்துக்கொண்டு காதை மட்டும் கொடுத்தாரா என்பது பதிவாகாது. 2020 அக்டோபரில் மும்பைக் காவல் துறை, மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாக எழுந்த டிஆர்பி முறைகேட்டு வழக்கை வெளிக்கொணர்ந்ததும் செய்திச் சேனல்களின் வாராந்தர மதிப்பீடு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. யாரும் பார்க்காத இடத்தில் அழுத்தப்படும் பொத்தானை விலைக்கு வாங்கலாம். ஊர் நடுவே கொட்டாவி விடும் சபையை வாங்க முடியாது.

கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஊடகத்துக்கு ஊர்ச் சபையின் முறை எப்படிப் பொருந்தும் என்பதே வலுவான மறுப்பு. பொருந்தியதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்குமுன் எட்வர்டு பால்மர் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறும் திரையை வைத்து, குழந்தைகள் எந்த இடத்தில் நிகழ்ச்சியை விட்டுக் கண்ணைத் திருப்புகிறார்கள் என்று குறித்தார். 1969 ஜூலையில் பிலடெல்பியாவில் சோதனைப் பகுதிகளைக் காட்டியபோது, பொம்மைகள் இல்லாத தெருக் காட்சிகளில் குழந்தைகளின் கவனம் சிதறியது. கற்பனையையும் நிஜத்தையும் கலக்கக் கூடாது என்ற நிபுணர் யோசனையைத் தள்ளிவிட்டு, பொம்மைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் ஒளிபரப்பான நிகழ்ச்சி உலகைச் சுற்றியது. சாயும் தலையைக் கண்டு கோமாளியை இறக்கும் வாத்தியார் செய்வதும் இதே ஆராய்ச்சிதான். நம் நாட்டிலும் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் வழியே 6 மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனபோது, மானிடவியல் ஆய்வாளர்கள் கிராமங்களிலேயே தங்கி மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார்கள். ஆகவே சிறு சபையைக் கூர்ந்து பார்ப்பது பெரிய ஊடகத்துக்கு ஒவ்வாத முறை என்பது நிற்காது. கோடிப் பேரை எண்ணத்தான் மீட்டர் வேண்டும். புரிந்துகொள்ள ஐம்பது முகங்கள் போதும்.

சபையைப் படிக்கும் இந்தக் கலை தெரிந்தவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழையும் ‘களரி’ அமைப்பையும் நடத்தி, இவர்களைக் கூட்டி விழா எடுத்து மரியாதை செய்து வருகிறார். பெரிய சேனல்களோ பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் ஆடவிட்டு அனுப்பிவிடுகின்றன. கூத்துக்காரர்களிடம் கேட்க வேண்டியது ஆட்டத்தை மட்டுமல்ல, ஆலோசனையையும்தான். புதிய தொடரின் முதல் பகுதியைச் சென்னை அலுவலக அறையில் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். எடப்பாடியிலோ பள்ளிபாளையத்திலோ தறி வேலை முடிந்தவர்களுக்குத் திரை கட்டிக் காட்டுங்கள். ஒரு கூத்து வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே தலை சாய்ந்தது என்று அவரிடம் கேளுங்கள். பார்க்க வந்தவர்களுக்கு அன்றைய கூலியையும் வாத்தியாருக்கு ஆலோசகர் சம்பளத்தையும் கையில் கொடுங்கள். தொடருக்குச் செலவாகும் பணத்தில் இது தூசு. கிடைக்கப்போவதோ எந்த மீட்டரும் சொல்லாத பதில்.