ஈரத் துணியின் வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலரா குறித்த ஆய்வுக்காகக் கடந்த ஆண்டின் மழைக்காலத்தை அலிப்பூர்த் தேசிய நூலகத்தில் கழித்தேன். மாலையில் நூலகத்தை விட்டு வந்ததும், அருகிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் வாழும் என் அத்தையைப் பார்த்துவருவது வழக்கம். பகலில் படித்ததற்கும் மாலையில் கண்டதற்கும் தொடர்பிருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

ராபர்ட் கோக் 1883 டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்தார். 1884 பிப்ரவரி 2 அன்று எழுதிய அறிக்கையில், காலராக் கிருமி ஈரமான அழுக்குத் துணியில் விரைந்து பெருகுவதையும், உலர்ந்தால் மடிவதையும் குறிப்பிட்டார். பெலியாகாட்டாவில் குளமொன்றைச் சுற்றி வாழ்ந்தோர் அடுத்தடுத்து மாண்டபோது, அக்குளத்து நீரிலேயே அக்கிருமியைக் கண்டார். முதலில் இறந்தவரின் துணிகள் அந்தக் குளத்தில்தான் அலசப்பட்டிருந்தன.

இதை நான் படித்துக்கொண்டிருந்த வாரத்தில், அத்தையின் இல்லத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. துணி துவைக்கும் மாஷி படுத்தார். பின்னர் முதியோர் நால்வர். (கொல்கத்தாவில் பணிப்பெண்களை மாஷி என்றே அழைப்பர், தாயின் உடன்பிறந்தாள் என்பது பொருள்.) நோயைக் கொண்டுவந்தவர் அவரே என்று முடிவுகட்டிய நிர்வாகம், ஊதியமின்றி அவரை வீட்டுக்கு அனுப்பியது. நானும் அதை நம்பினேன். அத்தைதான் கேட்டார்: "கோடி அறைப் பாட்டிக்கு அதுக்கு முன்னாடியே மூணு நாளா வயிறு சரியில்ல. அந்தத் துணியெல்லாம் இவதான் கையால அலசினா. யார்கிட்டேருந்து யாருக்கு வந்ததுன்னு, படிச்ச பிள்ளை, நீ சொல்லு."

மறுநாள் துணி செல்லும் வழியைக் கவனித்தேன். அழுக்கான விரிப்பு தரையில் குவிக்கப்பட்டது. மார்போடு அணைத்துத் தூக்கிச் செல்லப்பட்டது. முதியோர் குளிக்கும் அறையிலேயே வெறுங்கையால் அலசப்பட்டது. மழையில் காயாமல், பாதி ஈரத்துடன் மடிக்கப்பட்டு, அழுக்கு வந்த கூடையிலேயே திரும்பியது. கோக் எச்சரித்த ஈரம் ஒவ்வொரு படியிலும் இருந்தது.

இதற்கான மாற்று புதிரானதன்று. அழுக்குத் துணியை உதறாமல் சுருட்டி, படுக்கையருகிலேயே மூடியுள்ள வாளியிலோ பையிலோ இட வேண்டும். கையால் அலசக் கூடாது. கையுறையும் மேலங்கியும் தேவை. கையுறையைக் கழற்றியபின் சோப்பு இட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளுக்குச் சாராயம் கலந்த கைத்தைலம் போதாது. சலவை இயந்திரத்தின் நீர் 65 பாகை செல்சியசில் 10 நிமிடமோ, 71 பாகையில் 3 நிமிடமோ நிற்க வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் நெறிமுறை. துணி முழுதும் அந்த வெப்பம் பரவக் கூடுதல் நேரமும் வேண்டும். பின்பு முற்றிலும் உலர்த்தி, அழுக்குத் துணி வரும் வழியில் குறுக்கிடாத இடத்தில் அடுக்க வேண்டும்.

காலரா நோயாளியின் துணியைத் துவைப்போர் அந்நோய்க்கு ஆளாவதை அந்தக் கால மருத்துவர்களே அறிந்திருந்தனர். நோய் பரவும் பாதையில் துவைப்பவர் முதலில் பாதிக்கப்படுபவர். முதலில் பழிக்கப்படுபவரும் அவரே. பழியை அவர்மேல் சுமத்தியபின், துணியின் வழியை எவரும் ஆராய்வதில்லை. ஆகவே நோயும் நிற்பதில்லை.

கண்டதையெல்லாம் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். மூடியுள்ள வாளிகளும் கையுறைகளும் வந்தன. பன்னிரண்டாம் நாள் மாஷியும் திரும்பினார். அந்நாள்களின் ஊதியம் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை. அதற்காக எழுதிய இரண்டாம் கடிதத்தில் அத்தையும் கையொப்பமிட்டிருக்கிறார்.