சார் வரலையா?

“சார் வரலையா மேடம்?” கடைக்காரர் முதலில் கேட்டது இதைத்தான். கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு என்பது அடுத்த கேள்வி.

ஆட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். திரையும் இயந்திரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஆல்-இன்-ஒன். 2009இல் என் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் என் பெயரில் ரசீது உள்ள ஒரே பெரிய பொருள் அது. வேலையை விட்ட பிறகு மெய்ப்புத் திருத்திச் சம்பாதித்ததெல்லாம் அதன்முன் உட்கார்ந்துதான்.

அவர் ஸ்விட்சைப் போட்டார். இரண்டு நொடி படம் வந்தது, பிறகு இருண்டது. “டிஸ்ப்ளே போச்சு. பேனல் மாத்தணும், பழைய மாடலுக்குக் கிடைக்காது. சாரைக் கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட விவரமா சொல்றேன். இல்லன்னா வச்சிட்டுப் போங்க, பார்க்கறேன்.”

வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. அதற்குள் பதினோரு வருட நாட்குறிப்பு இருக்கிறது. யாரிடமும் சொல்லாததை எல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறேன். போனைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை தூங்காமல் கிடந்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு. நமக்கு ஒரு பொருள் பழுதானால் செலவு மட்டும் கவலை இல்லை.

வீட்டில் கணவர், “காயலான் கடையில போட்டுடலாம். புதுசு வாங்கித் தரேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த ‘வாங்கித் தரேன்’ எனக்குள் இறங்கவில்லை. என்னுடையது போய், எனக்குத் தரப்பட்டது வரும். இரண்டும் ஒன்றல்ல.

அன்றிரவு அறையை இருட்டாக்கி, ஸ்விட்சைப் போட்டு, கருத்த திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். உள்ளே மங்கலாக என் கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. எல்சிடி பேனல் தானாக ஒளி தராது. அதன் பின்னால் ஒரு விளக்கு எரிய வேண்டும். அந்தக் காலத்து மானிட்டர்களில் பென்சிலைவிட மெலிந்த குழல் விளக்குகள் இருக்கும். அவற்றை எரிய வைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. அதைத் தருவது இன்வெர்ட்டர் என்ற சின்னப் பலகை. பல விளக்குகளில் ஒன்று சரியாக எரியாவிட்டாலும், ஆபத்து என்று எண்ணி அது எல்லாவற்றையும் அணைத்துவிடும். இரண்டு நொடி வெளிச்சத்துக்கு அர்த்தம் அதுவாக இருக்கலாம். பேனல் போகவில்லை.

மறுநாள் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தபோது கை நடுங்கியது. இருபது வருடம் மிக்ஸியைக் கழுவியிருக்கிறேன், அடிப்பக்கம் திறந்ததில்லை. திறப்பது ஆண்களின் வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது.

கீழ் வீட்டுப் பெண் இட்லி மாவு கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றாள். “அக்கா, பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?” பிடுங்கியிருந்தேன். “உடனே தொடாதீங்க. பவர் சப்ளைல கரண்ட் நிக்கும். கொஞ்ச நேரம் போகட்டும், அந்தப் பக்கம் கையே வைக்க வேணாம்.”

கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் தொழிற்சாலையில் இருந்தாளாம். நான்கு வருடப் பழக்கத்தில் எனக்கு அது தெரியாது, நானும் கேட்டதில்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தாள். “உடம்புல இருக்கற ஸ்டேட்டிக் போகணும்க்கா. அங்க கையில பட்டை கட்டுவாங்க.” பின்மூடியைக் கழற்றினோம். இன்வெர்ட்டரில் விளக்குகளின் பிங்க், வெள்ளை ஒயர்கள் செருகியிருந்தன. நான் ஒயரைப் பிடித்து இழுக்கப் போனேன். “ஒயரை இழுக்கக் கூடாது, தலையைப் பிடிக்கணும்” என்று நகத்தால் நெம்பினாள். ஒரு பிளக் மட்டும் சூட்டில் பழுப்பேறி, பாதி வெளியே வந்திருந்தது. சுத்தம் செய்து அழுத்தினாள். டக்.

“இந்தச் சத்தம் வரணும்க்கா. எத்தனை ஆயிரம் போன்ல அழுத்தியிருப்பேன். ஆனா ஒரு போன்கூட ரிப்பேர் பண்ண விட்டதில்ல. ரிப்பேர் டேபிள் தனி. அங்க பசங்க.”

எனியாக் கணினியை 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். முதலில் இயந்திரம் இருந்த அறைக்குள்கூட அவர்களை விடவில்லை. வரைபடங்களைப் பார்த்தே அதன் உள்ளமைப்பைக் கற்றார்கள். சுமார் 18,000 வால்வுகளில் எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேர்ந்தார்கள். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. தொழிற்சாலையில் பொருத்துகிற விரல் நம்முடையது. பழுதானதும் கடையில் நம்மைக் கேட்கிறார்கள், சார் எங்கே என்று.

மூடியைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டோம். இரண்டு நொடி. மூன்று. பத்து. திரை அணையவில்லை. அவள் மாவுப் பாத்திரத்தை வாங்கிக்கொள்ள மறந்து படியிறங்கிப் போனாள்.

இரண்டு வாரத்தில் திரையின் இடப்பக்கம் சிவந்து மங்கியது. பழுப்பேறிய பிளக் தாங்காது, பழைய இன்வெர்ட்டர் ஒன்று வாங்கி மாற்றிப் பார்க்கலாம் என்றாள். இருவருமாக ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒரு கடையில் பலகையை எடுத்து வைத்தவர் என்னைப் பார்த்து, “யாரு மாட்டப் போறா?” என்றார்.

நான் அவளைக் காட்டினேன். அவள் அதற்குள் பலகையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இதுல கெப்பாசிட்டர் உப்பியிருக்கு. வேற எடுங்க.”