பீர் ஊற்றிய பை

பை என்றதும் மஞ்சப்பையை நினைத்துவிடாதீர்கள். மாட்டுக்கறியை பீரில் மணிக்கணக்காக வேகவைத்து, மைதா மாவால் மூடி போட்டு, அவனில் சுட்டுத் தின்கிற இங்கிலாந்துச் சமாச்சாரம் இது. திருப்பூரில் நான் கணக்கு எழுதிய பனியன் கம்பெனிக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், முட்டை பப்ஸைப் பிட்டுப் பார்த்துவிட்டு, ஊர் ஞாபகத்தில் கண்கலங்காத குறையாக விவரித்தார். அன்றிலிருந்து எனக்கும் பிடித்தது கிறுக்கு.

முதல் சிக்கல், மாடு. வெள்ளகோவில், காங்கயம் காளைக்குப் பேர்போன சீமை. பக்கத்திலேயே கண்ணபுரம் மாட்டுச் சந்தை. எங்கள் வீட்டுத் தொழுவத்தில் ஒரு மயிலைப் பசு வேறு நின்றுகொண்டு முறைக்கிறது. வெளியூரில் நான் என்ன தின்றேன் என்பது எனக்கும் இலைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். வீட்டில் நடக்காது. வெள்ளாட்டுத் தொடைக்கறி ஒரு கிலோ வாங்கினேன்.

இரண்டாவது சிக்கல்தான் பெரிசு. அப்பா குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அம்மா பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அந்த வீட்டுக்குள் ஒரு பீர் பாட்டிலை எப்படிக் கொண்டுபோவது? ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் முருங்கைக்காய்ச் சந்தை. ஒரு கட்டு வாங்கி நடுவில் செருகிவிட்டேன்!

கறியை மொத்தமாகக் கொட்டினால் தண்ணி விட்டுக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நன்றாகச் சிவக்க வதக்கி எடுத்தேன். வெங்காயம், மிளகு, பிறகு அரை பாட்டில் பீர். குக்கர் கூடாது, சிறுதீயில் இரண்டு மணி நேரம். பீர் சுண்டச் சுண்ட ஒரே கசப்பு. இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை போட்டதும் அடங்கியது. மாவுக்கு மைதா கால் கிலோ, வெண்ணெய் அதில் பாதி. நம்மூர் வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகி ஓட, வீட்டுக்காரி சட்டியோடு பிடுங்கி பிரிஜ்ஜில் வைத்தாள். சுட்டுக்கொடுத்தவர் பேக்கரி மாஸ்டர். "பெரிய சைஸ் பப்ஸ்தானுங்களே இது? இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்றார்.

பொன்னிறப் பையோடு திரும்பினால், அடுப்படி மேடையில் மீதி பாட்டில். பக்கத்தில் அம்மா.

"என்ற கண்ணு இது?"

"சமையலுக்கும்மா. கொதிச்சா எல்லாம் ஆவியாப் போயிருமுங்க."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் சொன்னது பொய் என்பது எனக்கே தெரியும். அமெரிக்க விவசாயத் துறை இதற்கு ஓர் அட்டவணையே போட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் கால் பங்கு சாராயம் தங்குமாம்; இரண்டு மணி நேரத்துக்குப் பத்து சதவீதம். பி.காம். கணக்கில் பத்து சதவீதம் தள்ளுபடிதான். பதினோரு வருஷக் கணக்கில் அப்படித் தள்ள முடியுமா?

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் துண்டு விழுந்தது. பிட்டு வாய்கிட்டே கொண்டுபோய்விட்டார்.

"அப்பா... அதுல பீர் ஊத்தியிருக்குதுங்க."

கை அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "வாசத்துலயே சந்தேகப்பட்டேன். நீங்க சாப்புடுங்க" என்று எழுந்து தொழுவத்துக்குப் போனார். மாட்டுக்கு வைக்கோல் போட அவ்வளவு நேரம் ஆகாது. அம்மா பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அவர் பின்னாலேயே போனாள்.

நானும் வீட்டுக்காரியும் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அடுத்த ஞாயிறு மறுபடி செய்தேன். பீருக்குப் பதில் வரக்காப்பி. அப்பா முதலில் பாட்டில் இருக்கிறதா என்று அடுப்படியை எட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து இரண்டு துண்டு தின்றார்.

"எப்படிங்கப்பா?"

"பப்ஸே தேவலை கண்ணு" என்றார், மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே.